முதியோர் இல்லத்தில் சந்தேகமா? அன்றைக்கே சொல்லுங்கள்!



பிழைப்புக்காக வெளியூர் போகும் குடும்பங்கள் வயதான தாய் தந்தையரை முதியோர் இல்லத்தில் சேர்க்க நேரிடுகிறது. அதில் தவறில்லை. ஆனால் பணம் கட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. மாதம் ஒருமுறையாவது, முன்கூட்டிச் சொல்லாமல், நேரில் போய்ப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. கை, தோளில் விரல் பதிந்தாற்போல் கன்றிய தடம். மணிக்கட்டில் கட்டிப்போட்ட அடையாளம்.
2. மருந்து போடாத படுக்கைப்புண், வறண்ட நாக்கு, உடல் மெலிவு, அழுக்குத் துணி.
3. பகலெல்லாம் மயக்கமான தூக்கம்.
4. பணியாளர் வந்ததும் பேச்சை நிறுத்துவது. தனியே பேச விடாதது.
5. பணம், நகை காணாமல் போவது. விவரம் தெரியாத காகிதத்தில் கைநாட்டு.

முதியோர் தோல் மெல்லியது. லேசாக இடித்தாலே கன்றும். ஆகவே ஒரு தடத்தைக் கண்டதும் சண்டைக்குப் போகாதீர்கள். எப்படி வந்தது என்று முதலில் பெரியவரைத் தனியே கேளுங்கள். பிறகு பணியாளரைக் கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால் சும்மா இருக்காதீர்கள்.

“அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்” என்பது கூடாது. கன்றிய தடம் பெரும்பாலும் 2 வாரத்தில் மறைந்துவிடும். ஞாபகமறதி உள்ளவருக்கு நடந்ததும் மறந்துவிடும். கொடுமை மட்டும் நிற்காது.

“ருசு இல்லையே, எப்படிச் சொல்றது?” என்று தயங்க வேண்டாம். நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். விசாரித்து அறிவது அதிகாரிகளின் வேலை.

“சொன்னா அம்மாவை இன்னும் அடிப்பாங்களே” என்ற பயம் சிலருக்கு உண்டு. அப்படியானால் அன்றைக்கே அம்மாவை வெளியே அழைத்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் காட்டி, காயத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தேதி, நேரம், பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

யாரிடம் சொல்வது?

• முதியோர் உதவி எண் 14567. கட்டணம் இல்லை. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.
• உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் 108. போலீஸ் 100 அல்லது 112.
• மாவட்ட சமூக நல அலுவலர். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். ஆனால் அவசரத்துக்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கொடுமை நடந்தாலும் சொல்லுங்கள். கேட்க நாதியில்லாதவர்கள் அங்கே பலர் இருக்கலாம்.

சந்தேகம் வந்த நாளே சொல்லும் நாள்!

தாமதம் தவிர்ப்போம்! முதியோரைக் காப்போம்!