பழைய ஷாம்பெயினில் ரொட்டி வாசம் ஏன்?

செய்வது திராட்சையில்தான், ஆனால் வயதான ஷாம்பெயினை முகர்ந்தால் பேக்கரி வாசலில் நிற்பதுபோல் இருக்கும். காரணம் ஈஸ்ட். புட்டிக்குள் இரண்டாம் முறை நொதித்தல் முடிந்ததும் அது செத்து அடியில் படிகிறது. செல்கள் மெல்லச் சிதைந்து, அமினோ அமிலங்களை ஒயினில் கலக்கின்றன. அந்த வாசத்தின் மூலம் அங்கேதான்.

2010-இல் பால்டிக் கடலில், ஆலந்து தீவுகளருகே மூழ்கிய கப்பலில் 168 ஷாம்பெயின் புட்டிகள் கிடைத்தன. சுமார் 170 ஆண்டுப் பழசு! திறந்ததும் ஈர முடி நாற்றம். கோப்பையில் சுழற்றிக் காற்றுப் பட்டதும் பூ, பழம், புகை என்று மணந்தது. முதல் மோப்பத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நுரை? கரியமில வாயு கார்க் வழியே கசிந்து, நாக்கில் லேசான சுறுசுறுப்பு மட்டுமே மிச்சம். நிறம்? வயதாக ஆக வெள்ளை ஒயின் பொன்னிறமாவது இயல்பு. பழுப்பேறி, நறுக்கி வைத்த ஆப்பிள் வாடை அடித்தால் ஆக்சிஜன் அளவு மீறிவிட்டது.