டிரம் ஏன் பன்னு மாதிரி உப்புது?

எச்ஓ ஸ்கேல்னா 1:87. கூட்ஸ் யார்டுல நிக்கிற 200 லிட்டர் எண்ணெய் டிரம் அதுல வெறும் 1 செ.மீ. உயரம்தான். அதுல 1 மி.மீ. குமிழி விழுந்தா, நிஜ டிரம்முல கிட்டத்தட்ட 9 செ.மீ. ஓட்டைக்குச் சமம்.

ஒரே ஒரு டிரம்மை வச்சு சிலிக்கான் அச்சு எடுத்து, பாலியூரித்தேன் ரெசின் ஊத்தினேன். முதல் பேட்ச் மொத்தமும் பன்னு மாதிரி உப்பிடுச்சு. அளவுல தப்புன்னு நினைச்சு ரெண்டு நாள் மண்டையை உடைச்சேன். காரணம் ஈரம்! ரெசின்ல இருக்குற ஐசோசயனேட், தண்ணி பட்டா கார்பன் டை ஆக்சைடை விடும். மெத்தை ஃபோம் உப்புறதும் இப்படித்தான்.

மரக்குச்சியிலயே ஈரம் இருக்கும், பிளாஸ்டிக் குச்சியால கலக்குங்க. பாட்டிலை உடனே மூடுங்க. ஆவி மூச்சுக்கு ஆகாது, ஜன்னல் திறந்தே இருக்கணும். அதனால மழை நாள்ல நான் ஊத்துறதே இல்ல.