பழைய வண்டியும் புதிய இஞ்சினும்: முதல் எது? சினை எது?

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் பாடாங் செராய். அதனைச் சூழ்ந்திருந்த கித்தாத் தோட்டங்களுள் பல செம்பனைத் தோட்டங்களாயின. வேறு சில வீடமைப்பு நிலங்களாயின. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின் வட்டாரத்தின் பிழைப்பு முறையே மாறிற்று. எனினும் தோட்டக் காலத்தில் உழைத்த வண்டிகள் இந்நாட்டில் முற்றும் மறைந்துவிடவில்லை.

தோட்டம் கைமாறியபோது கிராணியார் ஒருவர் விலைக்கு வாங்கிய லேண்ட் ரோவர் பிக்கப், இன்று அவர் மகனது வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது என்று கொள்வோம். பெட்ரோல் இஞ்சின் நீலப்புகை கக்குகிறது. மேட்டில் ஏற மறுக்கிறது. ஊரார் ‘பொமன்’ என்று அழைக்கும் பட்டறைக்காரர், “இதைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் இஞ்சின் ஒன்றை வைத்துவிடலாம், தம்பி” என்கிறார். தாயாரோ, “இஞ்சினை எடுத்துவிட்டால் அப்பா வண்டி ஏதுடா?” என்று கேட்கிறார். இவ்விருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அவற்றுள் எதனைக் கொள்வது என்பதே ஆராயத்தக்கது.

தமிழ் கற்றார்க்கு இவ்வினா புதியதன்று. முழுப்பொருளை ‘முதல்’ என்றும் அதன் உறுப்பைச் ‘சினை’ என்றும் நம் இலக்கணம் வழங்கும். மரம் முதல், கிளை சினை. ஆயினும் இவ்வேறுபாடு பொருளிலேயே நிலையாக அமைந்ததன்று என்றும், சொல்லுவோன் குறிப்பைப் பொறுத்தது என்றும் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தெளிவுறுத்துகிறார். யானைக்குக் கோடு சினை. அக்கோட்டின் நுனியைப் பேசும்போதோ கோடே முதலாகிவிடும். அங்ஙனமே வண்டிக்கு இஞ்சின் சினை. பிஸ்டனுக்கு இஞ்சின் முதல். பட்டறைக்காரர் வண்டியின் தொழிலை நினைந்து இஞ்சினைச் சினையென்கிறார். தாயார் அவ்வண்டியோடு கூடிய வாழ்வை நினைந்து அதனை முதலென்கிறார். பொருள் ஒன்றே, குறிப்பு இரண்டு.

கிரேக்கரும் இதுபற்றி வழக்காடினர். ஏதென்சு நகரத்தார் தீசியசு என்னும் வீரனது கப்பலைப் பாதுகாத்து வந்தனர். உளுத்த பலகைகளை நீக்கிப் புதுப்பலகைகளைப் பொருத்திக்கொண்டே வந்தமையால், அது பழைய கப்பல்தானா என்று தத்துவியலார் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர் எனப் புளூட்டார்க் எழுதியுள்ளார். அக்கப்பல் நினைவுப்பொருளாகக் காக்கப்பட்டது. தோட்டத்து வண்டியோ வேலைக்கென்றே பிறந்தது. ஆகவே அதன் பிறப்பையும் அமைப்பையும் முதலில் அறிதல் வேண்டும்.

லேண்ட் ரோவர் முதன்முதலாக 1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப்பின் இங்கிலாந்தில் எஃகு அரிதாயிருந்தமையின், மேனித் தகடுகள் அலுமினியக் கலவையால் ஆயின. அடிச்சட்டமாகிய சேசிஸ் மட்டும் எஃகு. ஈரம் மிக்க நம் நாட்டில் மேனி பளபளப்பாக இருக்க, அடிச்சட்டம் உள்ளுக்குள்ளே துருவேறி உளுத்திருத்தல் இதனாலேயே. முதல் வண்டியின் இஞ்சின் 1.6 லிட்டர், சில ஆண்டுகளில் 2 லிட்டராயிற்று. 1954-இல் 107 அங்குலச் சக்கர இடைவெளியுள்ள பிக்கப் வந்தது. 1958-இல் வந்த இரண்டாம் வரிசையில் 2,286 கன செ.மீ. பெட்ரோல் இஞ்சின் இடம்பெற்றது. 1961-இல் அதே கொள்ளளவில் டீசல் இஞ்சினும் வந்தது. இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை என்பதை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

பெட்ரோல் வண்டிக்கு டீசல் இஞ்சின் பொருத்துதல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1932-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் பிராங்க் பெர்க்கின்ஸ் நிறுவிய தொழிலகம், பெட்ரோல் இஞ்சினின் இடத்தில் வைக்கத்தக்க விரைவான டீசல் இஞ்சின்களைச் செய்வதில் பெயர் பெற்றது. சென்னையில் 1840-இல் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன், 1950-களில் பெர்க்கின்ஸின் பி-6 என்னும் ஆறு சிலிண்டர் இஞ்சினை உருவாக்கத் தொடங்கிற்று. அக்காலத்துப் பெட்ரோல் லோரிகள் பல இவ்வகை டீசலால் மறுவாழ்வு பெற்றன. அவற்றை எவரும் வேறு லோரி என்று கூறவில்லை. சரக்கு போய்ச் சேர்ந்தது, அதுவே போதும் என்றிருந்தனர்.

லேண்ட் ரோவரின் கதையும் இத்தகையதே. டார்ஜிலிங் மலைப்பகுதியிலுள்ள மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ முகட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்களுள் மிகப்பலவற்றில் இன்று ஓடுவது மகிந்திரா டீசல் இஞ்சின். கேமரன் மலையில் காய்கறி சுமந்த பழைய வண்டிகள் பலவும் இஞ்சின் மாறியவையே. ஆஸ்திரேலியப் படைக்கு 1987 முதல் வழங்கப்பட்ட லேண்ட் ரோவர்களிலோ, இசுசுவின் 3.9 லிட்டர் டீசல் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. ஆனால் அங்கே அதன் வலிமையைத் தாங்கவல்ல கியர்ப்பெட்டியும் உடன் அமைக்கப்பட்டது. இந்த ‘உடன்’ என்னும் சொல்லையே பலர் மறந்துவிடுகின்றனர்.

பெட்ரோல் இஞ்சின் தீப்பொறியால் எரிப்பது. டீசல் இஞ்சினோ காற்றை அமுக்கிச் சூடேற்றி, அச்சூட்டினால் எரிப்பது. பழைய லேண்ட் ரோவர் பெட்ரோல் இஞ்சினில் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக அமுங்கின. அதன் டீசல் உடன்பிறப்பில் காற்று இருபத்துமூன்றில் ஒரு பங்காக அமுங்கிற்று. அவ்வளவு அழுத்தம் தாங்கவேண்டுதலின் டீசல் இஞ்சின் பொதுவாகக் கனமானது, அதிர்வு மிக்கது. பெரிய இஞ்சினைப் பொருத்தினால் முன்வில்லும் முன்னச்சும் கூடுதல் சுமை தாங்கவேண்டும். திருப்புவிசை மிகுந்தால் கியர்ப்பெட்டியின் பற்களும் பின்சக்கரத்து அரையச்சும் முறியும். வேகம் மிகுந்தால் நான்கு சக்கரத்திலும் உள்ள பழைய டிரம் பிரேக் போதாது. வெப்பம் மிகுந்தால் ரேடியேட்டரை மாற்றவேண்டும். ஒரு சினையை மாற்றப் புகுந்தவர், படிப்படியாகப் பல சினைகளையும் மாற்ற நேர்கிறது. இஞ்சினின் விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்வது, மணமகள் புடைவையின் விலையைக் கேட்டுத் திருமணச் செலவைக் கணித்தல் போல்வதாகும்.

ஆதலின் கழற்றுவதற்குமுன் நோயை அறிதல் நன்று. புகையின் நிறமே பாதி செய்தி சொல்லும். நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையமோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கலாம். கரும்புகை, பெட்ரோல் மிகுதியைக் காட்டும். கார்புரேட்டரைச் சீர்செய்தாலே தீரக்கூடும். இஞ்சின் சூடான பின்னும் நீங்காத வெண்புகை, தண்ணீர் உள்ளே புகுவதைக் காட்டும். ஹெட் கேஸ்கட் பழுதாயிருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்த்தால் மீதிச் செய்தி விளங்கும். சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுதலும், கிராங்கைத் தேய்த்துப் புதிய பேரிங் இடுதலும் பழைய இஞ்சினுக்கு உரிய மருத்துவம். சிலிண்டர்க் கட்டையே வெடித்திருந்தால் மட்டுமே மருத்துவம் பயனற்றதாகும். மேட்டில் ஏறாமைக்கு இஞ்சின்தான் காரணம் என்பதும் இல்லை. கிளட்ச் நழுவினாலும், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி அவ்வாறே முனகும்.

டீசலை நாடுவோர் எரிபொருட் சிக்கனத்தை முதன்மைக் காரணமாகச் சொல்வர். அதனையும் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். பழைய பெட்ரோல் இஞ்சின் லிட்டருக்கு 6 கிலோமீட்டரும், டீசல் இஞ்சின் 10 கிலோமீட்டரும் ஓடும் எனவும், வண்டி ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடும் எனவும் கொள்வோம். 2024 ஜூன் தொடக்கத்தில் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 2.05 வெள்ளி; டீசல் 2.15 வெள்ளி. அவ்விலையில் பெட்ரோலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,708 வெள்ளியும், டீசலுக்கு 1,075 வெள்ளியும் ஆகும். மிச்சம் 633 வெள்ளி. அம்மாதம் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 3.35 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. உடனே டீசற் செலவு 1,675 வெள்ளியாயிற்று. மிச்சம் 33 வெள்ளிக்குச் சுருங்கிற்று. பல ஆயிரம் வெள்ளி செலவிட்டு இஞ்சினை மாற்றியவருக்கு அம்மிச்சம் எத்தனை தலைமுறையில் ஈடாகும்? விலைகள் ஏறலாம், இறங்கலாம். அரசாங்கத்தின் ஓர் அறிவிப்பால் மாறக்கூடிய ஒன்றை நம்பி, எளிதில் மாற்றமுடியாத செயலைச் செய்யலாகாது என்பதே இக்கணக்கின் பாடம்.

சட்டமும் கருதத்தக்கது. வண்டியின் பதிவில் சேசிஸ் எண்ணோடு இஞ்சின் எண்ணும் குறிக்கப்படுகிறது. ஆதலின் இஞ்சினை மாற்றுவோர் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு அறிவித்து, ஆய்வுக்குட்படுத்தி, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். ‘ஹாஃப்-கட்’ கடையில் வாங்கும் இஞ்சினுக்கு முறையான பத்திரம் உண்டா என்பதை வாங்குமுன்னரே கேட்டறிதல் வேண்டும். சாலை வரி கொள்ளளவைப் பொறுத்தது. காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவித்தல் வேண்டும்.

பெருங்கதையில் உதயணன், உள்ளே வீரர் மறைந்திருந்த யானைப்பொறியை உண்மை யானை என்று நம்பிச் சிறைப்பட்டான். புறம் ஒன்றும் அகம் ஒன்றுமாக இருப்பதை மறைத்தமையே அங்கே வஞ்சனை. வேற்று இஞ்சின் பூண்ட வண்டி வஞ்சனையன்று. அதனை மூல வண்டி என்று சொல்லி விற்பதே வஞ்சனை.

இவற்றால் முடிவு மூவகையாகப் பிரியும். அன்றாடம் சுமை இழுக்கும் வண்டியாயின், அதன் தொழிலே முதல். இஞ்சினை மாற்றலாம், ஏற்ற பிரேக்கும் கியரும் உடன் அமைக்கலாம். வார இறுதியில் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் செல்லும் வண்டியாயின், பழைய இஞ்சினை மருத்துவம் செய்து காத்தலே நன்று. சேமிப்பு என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றுமில்லை. இடைப்பட்ட நிலையில் உள்ளோர், இயன்றவரை அதே மரபில் வந்த இஞ்சினை நாடலாம். இரண்டாம் வரிசை வண்டிக்கு அதன் டீசல் உடன்பிறப்போ, 1989-இல் வந்த 2.5 லிட்டர் லேண்ட் ரோவர் டீசலோ மூலக் கியர்ப்பெட்டியோடு பெரிய மாற்றமின்றிப் பொருந்தும்.

எவ்வழியாயினும் ஒரு நெறி பொது. அடிச்சட்டத்தை வெட்டாமல், மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய வகையில் பொருத்துதல் வேண்டும். கழற்றிய இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடாமல், எண்ணெயிட்டு மூடிக் கொட்டகையில் வைத்தல் வேண்டும். பழம்பொருள் காப்போர் உலகெங்கும் வற்புறுத்துவதும் இதுவே.

‘முதல்’ என்னும் சொல்லுக்குக் கையிருப்புப் பொருள் என்னும் பொருளும் உண்டு. வரப்போகும் ஊதியத்தை எண்ணி உள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது வள்ளுவர் தெரிந்து செயல்வகையில் காட்டும் நெறி. கிராணியாரின் மகனுக்கு அவ்வண்டியில் எது முதல் என்பதைப் பட்டறைக்காரர் சொல்லமுடியாது; விலைப்பட்டியலும் சொல்லாது. அதனை அவரே தெளிந்தபின் ஸ்பேனரைக் கையில் எடுப்பது முறை. பழைய இஞ்சின் கொட்டகையில் இருக்கும்வரை, தாயார் கேட்ட வினாவுக்கும் விடை அங்கேயே இருக்கும்.