ரெக்கார்டு பிளேயரில் ஓசை கெட்டால் எங்கே பார்ப்பது?

நமது சங்க அன்பர்கள் பலருடைய வீட்டுப் பரணில் இன்றும் இசைத்தட்டுகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. சாம்பியன் ரீப்ஸ், மாரிக்குப்பம், கோரமண்டல் என எந்தப் பகுதியானாலும் சரி, சுரங்கம் ஓடிய காலத்தில் போனஸ் பணத்தில் ரெக்கார்டு பிளேயர் வாங்கிய குடும்பங்கள் உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் குடிபெயர்ந்தவர்களுடன் அந்தப் பெட்டிகளும் போயின. போகாதவை பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போயின. "ஓசை கரகரவென்று வருகிறது, இனி எதற்கு ஆகும்?" என்பதே பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணம். என் அனுபவத்தில் அந்தக் கரகரப்பில் பத்துக்கு எட்டுப் பங்கு, வீட்டிலேயே கண்டுபிடிக்கக் கூடியது.

ரயில்வேயில் பழுது பார்க்கும்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், கையில் ஸ்க்ரூ டிரைவர் எடுப்பதற்கு முன் பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். இங்கும் அப்படியே. தட்டு, ஊசி, சுழலும் பாகம், மின்சாரப் பகுதி ஆகிய நான்கில் குற்றம் எதில்? ஒரு தட்டில் மட்டும் கோளாறு என்றால் பிளேயரைத் திறக்க வேண்டாம். எல்லாத் தட்டிலும் என்றால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

தட்டிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊருக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஆடிக் காற்று அடித்தால் சயனைட் மண்மேடுகளிலிருந்து கிளம்பும் மாவு போன்ற தூசி கதவு இடுக்கு, அலமாரி, சாப்பாட்டுத் தட்டு ஒன்றையும் விடுவதில்லை. பாறையை அரைத்த தூள் அது. இசைத்தட்டின் பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்க, அதன் மேல் ஊசி ஓடினால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். ஆகவே ஊரில் இருந்து எடுத்து வந்த தட்டை, கழுவாமல் ஒரு முறைகூட ஓட்டாதீர்கள்.

கழுவுவதில் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. வளைந்து கொடுக்கும் எல்.பி., ஈ.பி. தட்டுகள் வினைல் என்னும் பிளாஸ்டிக். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டொரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, பிறகு வெறும் நீரில் அலசி, நிழலில் செங்குத்தாக நிறுத்தி உலர்த்தலாம். நடுவில் இருக்கும் லேபிள் நனையக் கூடாது. ஆனால் கனமாக, கீழே விழுந்தால் ஓடு போல் உடையும் பழைய 78 தட்டுகள் அரக்கால் ஆனவை. அவற்றின் மேல் ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். பாட்டும் அதோடு போய்விடும். தாத்தா காலத்துத் தட்டைப் பளபளப்பாக்குகிறேன் என்று ஸ்பிரிட் பாட்டிலுடன் புறப்படும் பேரப்பிள்ளைகளை முதலில் தடுத்து நிறுத்துங்கள்.

அடுத்தது ஊசி. பழுதில் பாதி இங்கேதான். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குரிய ஊசியின் முனை, எல்.பி. ஊசியின் முனையைப் போல் சுமார் மூன்று மடங்கு பருமன். நம் வீடுகளில் இருந்த பல பிளேயர்களில் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு பக்கம் 78, மறு பக்கம் எல்.பி. என்று மாறும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் பள்ளத்தின் சுவர்கள் பாழாகும். எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடிமட்டத்தில் கிடக்கும் அழுக்கில் உரசி, இரைச்சலை மட்டும் கொண்டுவரும். "தட்டு தேய்ந்துவிட்டது" என்று முடிவு கட்டிய பல வீடுகளில் நான் செய்த வைத்தியம் அந்த நெம்பைத் திருப்பியது மட்டுமே.

ஊசி தேய்ந்ததை எப்படி அறிவது? 'ச', 'ஷ' எழுத்துகள் சீறிக்கொண்டு வரும்; அதுவும் தட்டின் உட்பக்கத்துப் பாட்டுகளில் அதிகமாகத் தெரியும். வசன ரெக்கார்டு வைத்திருப்பவர்கள் அதைப் போட்டால் உடனே தெரிந்துகொள்ளலாம். சபையர் ஊசி சில பத்து மணி நேரமே தாங்கும். வைர ஊசி பல நூறு மணி நேரம் உழைக்கும். தேய்ந்த ஊசியின் முனை உளியைப் போல் கூர்மையாகிவிடும். அது ஓடும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தைச் சீவிக்கொண்டே போகிறது. ஊசியை இன்றும் வாங்கலாம். சீவிய தட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஊசி தாவினால் அதன் தலையில் நாலணாவை ஒட்டி வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருந்தது. பழைய பெட்டிகளின் செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு நாலைந்து கிராம் பாரம் போதும். காந்த கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் அளவே. நகைக்கடைக்காரர் பயன்படுத்துவது போன்ற சிறு எலக்ட்ரானிக் தராசில் ஊசியை இறக்கி நிறுத்துப் பாருங்கள். பாரம் குறைந்தாலும் கெடுதல்தான். ஊசி பள்ளத்துக்குள் குதித்துக் குதித்துச் சுவரை இடிக்கும். (சாம்பியன் ரீப்ஸில் பூமிக்கடியில் ராக் பர்ஸ்ட் ஆகும்போது வீடே குலுங்கி ஊசி தாவியதுண்டு. அதற்கு எந்தத் தராசும் உதவாது.)

சுழலும் பாகத்துக்கு வருவோம். நாதஸ்வரத்தில் வித்வான் ஒரே சுரத்தில் நின்று ஊதும் இடத்தைக் கேளுங்கள். அது ஊஞ்சல் போல் ஏறி இறங்கினால் வேகம் சீராக இல்லை. எல்.பி.யில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அந்த இடைவெளியில் ஒரே ஒரு தட்டு மட்டும் ஆடினால், அதன் நடுத்துளை விலகியிருக்கிறது அல்லது தட்டு கோணியிருக்கிறது. தகரக் கூரைக்கடியில் பரணில் படுக்க வைத்தால் வினைல் கோணாமல் என்ன செய்யும்? எல்லாத் தட்டும் ஆடினால் பெல்ட் தளர்ந்திருக்கும். ரப்பர் சக்கரம் வைத்த பெட்டியென்றால், பல வருடம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து அந்தச் சக்கரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். 'டப் டப்' என்ற சத்தம் அதனுடையதுதான்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத்துண்டு ஒட்டி எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் நூறு சுற்றுக்கு மிகச் சரியாக மூன்று நிமிடம் ஆக வேண்டும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் பாடகர் அரைக்கட்டை ஏறிப் பாடுவார். கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 180 கோடுகள் அசையாமல் நிற்பது, வினாடிக்கு நூறு முறை துடிக்கும் விளக்கில்தான். பழைய சோக் வைத்த டியூப் லைட்டிலும் நியான் விளக்கிலும் அது நிற்கும். இப்போதைய எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் நிற்காது. பிளேயரைக் குறை சொல்லாதீர்கள்.

மின்சாரத்தின் சைக்கிளும் இதில் சேருகிறது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து நம் சுரங்கங்களுக்கு வந்த மின்சாரம் வினாடிக்கு 25 சைக்கிள். இன்று நாடெங்கும் 50. அமெரிக்காவில் 60. அங்கிருக்கும் மகன் அன்போடு அனுப்பும் பழைய பிளேயரை டிரான்ஸ்பார்மர் வைத்து இங்கே ஓட்டினால், வோல்ட் சரியாகும், சைக்கிள் மாறாது. அந்த ஏ.சி. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 33⅓ என்பது 27.8 ஆகும், சுந்தராம்பாள் ஆண் குரலில் பாடுவார். 50 சைக்கிளுக்குரிய புல்லி மாற்றினால்தான் சரிவரும்.

கடைசியாக மின்சாரப் பகுதி. வால்யூமைக் குறைத்து வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஊசியை இலேசாகத் தொடுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் உரசல் கேட்க வேண்டும். ஒன்று ஊமையானால், பிளேயரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமை அடுத்த ஸ்பீக்கருக்கு மாறினால் குற்றம் பிளேயர் பக்கம்; மாறாவிட்டால் ஆம்ப்ளிபயர் பக்கம். பிளேயர் பக்கமென்றால், கார்ட்ரிட்ஜின் பின்னால் உள்ள நான்கு சிறு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கழற்றிச் சுரண்டி மாட்டினால் உயிர் வந்துவிடும்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஓயாமல் கேட்டால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் கேட்டால் பழைய பில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இப்போது புதிதாக வரும் ஒரு புகாரையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் குடியேறிய நம் ஊர்க் குடும்பம் ஒன்று. தகப்பனார் சேர்த்து வைத்த நாற்பது தட்டுகளைக் கேட்க, பிள்ளை புது டர்ன்டேபிளும் ஆம்ப்ளிபயரும் வாங்கினார். ஓசை கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் மெலிந்து வந்தது. தட்டெல்லாம் செத்துவிட்டது என்று எடைக்குப் போடக் கட்டியும் வைத்துவிட்டார்கள். குற்றம் தட்டில் இல்லை. காந்த கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. தட்டைப் பதிக்கும்போதே கனத்த சுரங்களைக் குறைத்தும் மெல்லிய சுரங்களைக் கூட்டியும் பதிப்பார்கள்; அதைத் திருப்பிச் சமன் செய்ய 'போனோ' என்ற தனி இணைப்பு வேண்டும். இவர்கள் செருகியிருந்தது 'ஆக்ஸ்' துளையில். ஆம்ப்ளிபயரில் போனோ துளை இல்லாததால் ஒரு சிறு பிரீ-ஆம்ப் பெட்டி வாங்கி இடையில் வைத்தோம். கட்டை அவிழ்த்து முதலில் போட்டது தகப்பனார் நீலப் பென்சிலில் தேதி எழுதி வைத்திருந்த ஓர் ஈ.பி. அந்த அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பழைய பெட்டிகளில் உள்ள கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் உப்புப் படிகம் ஈரத்திலும் வெப்பத்திலும் கரைந்துவிடும். ஊசி புதிதாக இருந்தும் ஓசை மங்கினால் அதைப் பழுது பார்க்க இயலாது. செராமிக் வகைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது புதியதன் எடைக்கேற்ப ஆர்மின் பாரத்தை மறுபடி நிறுத்துப் பார்த்த பிறகே தட்டின் மேல் இறக்க வேண்டும்.