முதல் எழுத்து அழிந்த பெயர்கள்

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டு வருஷத்துக் குடும்பப் படங்கள் மொத்தமும் ஒரே வெளி ஹார்டு டிஸ்க்கில். காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. அதிலிருந்து எப்போது செருகினாலும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்கிறதாம். கடைக்காரரோ, ‘பண்ணிடலாம் மேடம், புதுசு மாதிரி ஆயிடும்’ என்கிறாராம். செய்யலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. முதல் வேலையாக அந்த வயரைக் கழற்றி டிஸ்க்கைப் பீரோவில் வையுங்கள்.

எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் சரக்குப் பதிவு நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. எந்த மூட்டை எந்த மூலையில் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கிடங்கில் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. உங்கள் டிஸ்க்கில் நடந்திருப்பதும் பெரும்பாலும் இதுதான். படங்கள் ஓரிடத்தில் இருக்கின்றன. அவற்றின் பெயரும் முகவரியும் எழுதிய பட்டியல் வேறோர் இடத்தில் இருக்கிறது. கெட்டது பட்டியல்.

ஃபேட் என்ற பழைய முறையில் இந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் 32 பைட் இடம். பெயர், தேதி, அளவு, கோப்பின் முதல் துண்டு எங்கே என்ற எண் எல்லாம் அதற்குள் அடங்கும். அடுத்தடுத்த துண்டுகள் எங்கே என்பதைச் சொல்லும் அட்டவணை தனி. ஒன்று கெட்டால் உதவட்டும் என்று அதை வழக்கமாக இரண்டு பிரதியாக வைத்திருப்பார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கடன் தீர்ந்தவர் பெயரை அப்பா முழுக்க அடிக்கமாட்டார். முதல் எழுத்தின் மேல் மட்டும் ஒரு கோடு இழுப்பார். ஃபேட் செய்வதும் அதேதான். நீங்கள் ஒரு கோப்பை அழித்தால், பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண்ணை எழுதிவிட்டு, துண்டுகளின் அட்டவணையில் அந்த இடங்களைக் காலி என்று குறித்துக்கொள்ளும். மற்ற எழுத்துகளும் படமும் அப்படியே கிடக்கும். 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0இல் அழிந்த கோப்பை மீட்கப் போனால், ‘முதல் எழுத்து என்ன?’ என்று அது நம்மிடமே கேட்கும்.

அது ஏன் 229? 1970களில் 8 அங்குல ஃபிளாப்பிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முழுக்க 229 நிரப்பப்பட்டு வந்தன. கேரி கில்டாலின் சிபி/எம் என்ற இயங்குதளம், அந்த எண்ணில் தொடங்கும் வரியைக் காலி என்று எடுத்துக்கொண்டது. அதனால் புது ஃபிளாப்பியின் பட்டியல் தானாகவே வெறுமையாகத் தெரிந்தது. 1980இல் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸ் வழியாக அந்த வழக்கம் விண்டோஸ் வரைக்கும் வந்து சேர்ந்தது. ஜப்பானியர்களுக்குத்தான் சங்கடம். அவர்களுடைய சில கஞ்சி எழுத்துகளின் முதல் பைட்டே 229. அப்படித் தொடங்கும் பெயர் வைத்தால், இருக்கும் கோப்பு அழிந்ததாகத் தெரியும். அதற்காக அந்த இடத்தில் மட்டும் 5 என்று எழுதிவைத்து, படிக்கும்போது 229 என்று கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ஃபிளாப்பி நிரப்ப வந்த ஓர் எண்ணுக்கு, இன்னொரு நாட்டு எழுத்து வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது!

இனி உங்கள் டிஸ்க்குக்கு வருவோம். மூல டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் அதை முழுசாக இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வருவது அதன் நல்ல குணம். மீட்பு வேலையெல்லாம் அந்தப் பிரதியில்தான். டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் பட்டியலைச் சரிசெய்யப் பார்க்கும். அதுவும் முடியாவிட்டால் ஃபோட்டோரெக். அது பட்டியலையே பார்க்காது. ஜேபெக் படம் 255, 216, 255 என்ற எண்களோடு தொடங்கும் என்பதை வைத்து டிஸ்க் முழுக்கத் துழாவும். டிஸ்க்கிலிருந்து டக்டக்கென்று சத்தம் வந்தால் மட்டும் இவை எதையும் வீட்டில் செய்யாதீர்கள். மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.

பிரதி எடுக்காமல் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டக் கூடாது. அதன் கவலை பட்டியல் ஒழுங்காக இருப்பதுதான். உங்கள் படங்கள் அல்ல. சொந்தக்காரர் தெரியாத துண்டுகளை .சிஎச்கே கோப்புகளாகக் குவித்துவிட்டுப் போய்விடும். ஃபார்மட் அதைவிட மோசம். விஸ்டா காலத்திலிருந்து, ‘குயிக்’ அல்லாத முழு ஃபார்மட் டிஸ்க் நெடுகப் பூஜ்யம் எழுதுகிறது. பிறகு எந்த மென்பொருளாலும் ஒன்றும் ஆகாது. ‘உள்ளே என்ன இருக்கிறது, வேறு பிரதி இருக்கிறதா?’ என்று கேட்காமல் ஃபார்மட் செய்யும் கடைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. மகள் கல்யாணப் படத்துக்கு ஒரே பிரதி வைத்திருக்கும் நம்மேலும் அதே அளவு உண்டு. நகைக்கு லாக்கர் எடுக்கிறோம். ஒரு புடவை விலையில் இரண்டாவது டிஸ்க் வாங்க யோசிக்கிறோம்.

போன வருஷம் பக்கத்து வீட்டு டிஸ்க்கை இப்படித்தான் மீட்டோம். ஃபோட்டோரெக்கில் படம் வரும், பெயர் வராது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும்தான் மிஞ்சும். அந்த வீட்டுப் பாட்டியைத் திரைமுன் உட்கார வைத்தோம். ‘இது சின்னவன் காதுகுத்து, இது பழனி போனப்போ’ என்று அவர் சொல்லச் சொல்லப் பேரன் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.