தேய்த்தால் போவதும் பூசினால் நிற்பதும்

கறுப்புக் காரின் பானெட் மேல் இரவில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றி மயிரிழைக் கீறல்கள் வட்ட வட்டமாக மின்னும். யாரோ துணியைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்துக் கெடுத்திருக்கிறார் என்றுதான் தோன்றும். இப்போது டார்ச்சை ஒரு சாண் நகர்த்துங்கள். வட்டங்களும் கூடவே நகர்ந்து, வெளிச்சம் புதிதாக விழும் இடத்தைச் சுற்றிக்கொள்ளும். கீறல் எப்படி நகரும்?

கீறல் நகரவில்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கிறது. ஒவ்வொரு கீறலும் ஒரு நுண்ணிய வாய்க்கால். அது ஒளியைத் தன் நீளவாட்டில் சிதறடிக்காது, குறுக்குவாட்டில்தான் சிதறடிக்கும். ஆகவே விளக்கின் பிம்பத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன. மற்றவை அங்கேயே இருந்தும் தெரிவதில்லை. குறுக்கே கிடப்பவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் வட்டம் வந்துவிடுகிறது. கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடி வழியே எதிரே வரும் லாரி விளக்கைப் பார்ப்பவர்களுக்கு இது அன்றாடக் காட்சி.

கீறியது யார்? பெரும்பாலும், காலையில் வண்டியைப் ‘பளிச்’ என்று வைக்க நாம் போட்ட காய்ந்த துணிதான். தெருப்புழுதியில் குவார்ட்ஸ் மணல் உண்டு; கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரணக் கத்தியையே கீறக்கூடியது. கார் பெயின்டின் மேல்தோலோ வெறும் பிளாஸ்டிக் வகை. பனியன் வேஸ்ட் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், நடுவே மணல் மாட்டினால் அது உப்புத்தாள்தான். தண்ணீர் ஊற்றிப் புழுதியைக் கழுவிய பிறகே துணி தொட வேண்டும்.

கடைகளில் எல்லாவற்றுக்கும் ‘பாலிஷ்’ என்றே பெயர். ஆனால் பாலிஷும் வாக்ஸும் நேர் எதிரான வேலை செய்பவை. பாலிஷ் எடுக்கும், வாக்ஸ் பூசும். பாலிஷில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு பொடி. மாணிக்கக் கல்லும் வேதியியல்படி அதே பொருள்தான். அது கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டால், அந்தப் பரப்பை ஒளி வழவழப்பானதாகவே எடுத்துக்கொள்ளும் என்பது லார்ட் ராலேயின் பெயரால் வழங்கும் கணக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானில் பாதி, அவ்வளவுதான். கையும் துணியுமாக அந்த நுட்பத்தை எட்டிவிடுகிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

எடுக்க எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேலடுக்கின் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லியது. ஆண்டுக்கு நான்கு முறை பாலிஷ் போடச் சொல்லும் கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய அம்பாசிடர்களில் இது கண்கூடு: தேய்த்த துணியில் காரின் நிறமே ஏறியிருக்கும். விரல் நகம் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான கீறலைப் பாலிஷால் போக்க முயல்வது வீண்வேலை.

வாக்ஸின் கதை பிரேசிலில் தொடங்குகிறது. அந்நாட்டின் வறண்ட வடகிழக்கில் கார்னாபா என்றொரு பனை, நம் பனையைப் போலவே விசிறி ஓலை கொண்டது. கோடையில் ஈரம் ஆவியாகாமல் காக்க ஓலை மேல் மெழுகைச் சுரக்கிறது. ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். இயற்கை மெழுகுகளில் இது மிகக் கடினமான வகை. உருக 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். 1935இல் ஜான்சன் மெழுகுக் கம்பெனியின் தலைவர் ஹெர்பர்ட் ஜான்சன், நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானத்தில் அமெரிக்காவிலிருந்து இந்தப் பனையைத் தேடியே பறந்து போனார். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மினுமினுப்புத் தருவதும் இதே மெழுகுதான்.

டப்பாவில் அது கரைப்பானோடு குழைந்திருக்கிறது. நிழலில், தொட்டால் சுடாத தகட்டில், மெல்லிசாகப் பூச வேண்டும். கரைப்பான் பறந்ததும் மெழுகு நுண்துகள்களாகப் படிந்து, ஒளியைச் சிதறடித்து வெள்ளையாக மங்கும். ஒரு விரலால் இழுத்துப் பார்த்து, விரல் போன தடம் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம். இழுபட்டு அப்பினால் இன்னும் காயவில்லை. துடைத்த பின் மிஞ்சும் படலம் ஒரு மைக்ரான்கூட இராது. அப்பி அப்பிப் பூசியதெல்லாம் துணிக்குத்தான் போய்ச் சேரும்.

1984இல் வந்த ‘தி கராத்தே கிட்’ படத்தில் ஆசான், மாணவனை வட்டவட்டமாக வாக்ஸ் போடவைப்பார். கராத்தேக்கு நல்ல பயிற்சி. காருக்கு நேர்கோடே மேல் என்பேன். துணியில் ஒரு மணல் மாட்டிக்கொண்டால், நேராக விழுந்த கீறல் சில கோணங்களில்தான் மின்னும். வட்டமாக விழுந்தது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு துண்டையாவது காட்டிக்கொடுத்துவிடும்.

வாக்ஸ் போட்ட கார் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைக் கண்டு மகிழாதவர் இல்லை. ஆனால் அது தாமரை இலைத் தண்ணீர் அல்ல. தாமரை இலையில் நுண்ணிய முகடுகள், அவற்றின் மேல் மெழுகுப் படிகங்கள். துளிக்கும் இலைக்கும் இடையிலான கோணம் 150 டிகிரியைத் தாண்டுவதால் துளி நிற்காமல் உருண்டோடி, அழுக்கையும் அள்ளிப்போகும். ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு விளக்கினார். காரின் மெழுகோ வழவழப்பானது. அங்கே கோணம் 110 டிகிரியை ஒட்டியே இருக்கும். துளி திரண்டு நிற்கும், சமதளத்தில் ஓடாது. போர் தண்ணீராக இருந்தால் அப்படியே காய்ந்து, ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளைச் சுண்ணாம்பு வளையத்தை விட்டுப்போகும். ஆகவே வாக்ஸ் போட்ட காரைக் கழுவியதும், முத்துகளை ரசித்துக்கொண்டு நிற்காமல், ஈரம் காயுமுன் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.