உடைந்த சுவரை அடைத்தவர்கள்

சோழபுரத்துக்காரர்கள் தென்காசிக்குப் பேருந்து ஏறினால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று நடத்துநர் வரிசையாகக் குரல் கொடுப்பார். 18-ஆம் நூற்றாண்டில் இவை பாளையங்களும் கோட்டைகளுமாக இருந்த ஊர்கள். 'எதிரி வந்தால் பட்டாளம் பார்த்துக்கொள்ளும், நமக்கென்ன?' என்று கேட்பவர்களுக்கு இந்த வழித்தடத்திலேயே பதில் இருக்கிறது.

1767-ல் கர்னல் டொனால்ட் காம்பெல் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வாசுதேவநல்லூரை வளைத்தது. அது பாளையக்காரர் பூலித்தேவரின் மண்கோட்டை. பீரங்கி சுவரைப் பிளக்கப் பிளக்க, உள்ளே இருந்தவர்கள் பனைமரத்தையும் வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து உடைப்பை அடைத்தார்கள். கல்சுவருக்குக் கொத்தனார் வேண்டும். மண்சுவருக்கு, மழையில் அறுத்துக்கொண்ட வரப்பை அடைத்துப் பழகிய கை போதும். கோட்டை கடைசியில் விழுந்தது என்பது வேறு விஷயம்.

பாஞ்சாலங்குறிச்சியில் நடந்தது இன்னும் பெரிது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு கம்பெனி அந்தக் கோட்டையை இடித்துத் தள்ளியிருந்தது. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரம் கழித்து மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தால், கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது! அதைப் பிடிக்க மே 24 வரை ஆனது. ஒரு வாரத்தில் சுவர் எழுப்பச் சிப்பாய்கள் மட்டும் போதுமா? மண் சுமந்தது ஊர்.

இதற்கெல்லாம் அடியில் இருந்தது காவல் முறை. ஊருக்கு ஊர் காவல்காரர்கள். விளைச்சலில் அவர்களுக்கு ஒரு பங்கு. யார் வருகிறார், எந்த வழியாக வருகிறார் என்பது முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். 1801-ல் வென்றதும் கம்பெனி செய்த முதல் வேலைகள், மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்ததும் கோட்டைகளைத் தரைமட்டமாக்கியதும். அதன் பயம் எதில் இருந்தது என்பது இதிலேயே புரிகிறது.

ஆனால் பீரங்கியைவிடப் பிளவுதான் பாளையங்களை வீழ்த்தியது என்பேன். எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனி பக்கம் நின்றன. 1801 ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்ட, சிவகங்கையின் சின்ன மருதுவின் அறிக்கை எல்லாச் சாதியாரையும் சேர்த்து அழைத்தது. காலம் கடந்து வந்த அழைப்பு அது.

இன்று குடிமக்களின் பங்குக்கு ஆயுதம் தேவையில்லை. 1968-ன் குடிமைப் பாதுகாப்புச் சட்டம் தீயணைப்பு, மீட்பு, முதலுதவி, விளக்கணைப்பு ஆகியவற்றுக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்க வழிசெய்கிறது. 2025 மே 7-ஆம் தேதி நாடெங்கும் நடந்த குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்தது. நம் பக்கத்தில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி.

ஆகவே ஒன்றை மட்டுமாவது வீட்டில் சொல்லி வையுங்கள்: சைரன் ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரே சீராக ஒலித்தால் ஆபத்து நீங்கியது.